மலையைத் துண்டித்த மாப்பிள்ளை

கல்யாணமான புதிதில் பெண்டாட்டிக்காக மலையையே புரட்டிப் போடுவேன் என்று எல்லா ஆண்களும் பேசுவார்கள். நான் பேசவில்லை, செய்துவிட்டேன். ஒரு நாள் சாயங்காலம், ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஜவ்வாது மலையின் ஒரு பக்கத்தைக் கீழே இருக்கிற உலகத்திலிருந்து துண்டித்துவிட்டேன். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பால் சொசைட்டி, சுகாதார நிலையம் எல்லாம் ஒரே தட்டில் போயின. (எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். ரேஷன் கடையில் விரலை நீட்டிக்கொண்டு நின்றவர்கள் அவ்வளவு சீக்கிரம் மறக்கிற ஆட்கள் இல்லை.)

அப்போது எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். எனக்குப் போளூரில் வேலை. மலை அலுவலகங்களைக் கீழே இருக்கிற அலுவலகங்களோடு இணைக்கும் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் ஒரு ஒப்பந்தக் கம்பெனியில் இன்ஜினியர். கோகிலா செங்கத்துப் பெண். மலைமேல் ஒரு சுகாதார நிலையத்தில் செவிலியர். அவளுக்கு லீவு கிடைக்கிற நாளில் எனக்கு வேலை, எனக்கு லீவு கிடைக்கிற நாளில் அவளுக்குப் பிரசவ கேஸ். அங்கே செல்போன் எடுக்காது. மூன்று மைல் நடந்து ஒரு வளைவில் நின்றால் ஒரு கோடு வரும், காற்றடித்தால் அதுவும் போய்விடும். மற்றபடி இருந்தது எங்கள் நெட்வொர்க் ஃபோன் மட்டும். மலையிலேயே அது சுகாதார நிலையத்தில்தான் இருந்தது. அந்த ஃபோனை நான் எவ்வளவு அக்கறையாகப் பராமரித்தேன் என்று மேலதிகாரிகள் பாராட்டியிருக்கிறார்கள். காரணம் அவர்களுக்குத் தெரியாது.

இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் நெட்வொர்க்கை இரண்டு ஏரியாவாகப் பிரித்திருந்தோம். போளூர் நடு ஏரியா, மலை தனி ஏரியா. ஒவ்வொரு ஏரியாவிலும் இருக்கிற ரவுட்டர்கள், 'என்னிடம் இன்ன இன்ன இடத்துக்கு வழி இருக்கிறது' என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டே இருக்கும். எங்களுடையது அல்லாத வெளி நெட்வொர்க்குகளும் வந்து சேரும். அவற்றின் பட்டியல் பெரிது. மலையில் இருந்ததோ ஒரு கிழட்டு ரவுட்டர், அவ்வளவு பெயரை மனப்பாடம் செய்தால் மயங்கி விழுந்துவிடும். அதனால் நான் ஒரு யோசனை செய்தேன். மலையை மூடிய ஏரியா ஆக்கினேன். 'வெளிச் சமாச்சாரம் எதுவும் உனக்கு வேண்டாம். தெரியாத இடம் எதுவானாலும் போளூருக்கு அனுப்பு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.' இதைப் படம் போட்டு விளக்கிக் கைதட்டலும் வாங்கினேன்.

அந்த வாரம்தான் சுகாதார நிலையத்துக்குப் புதிய பிரசவக் கட்டடம் திறந்தார்கள். ஃபோனையெல்லாம் அங்கே மாற்றினார்கள். புதிய கட்டடத்தின் கம்பிகள் அந்தத் துறையின் சொந்த நெட்வொர்க். எங்கள் கணக்கில் அது வெளியாள், வந்து சேர்ந்ததோ மலை ரவுட்டரில். நானும் போளூரிலிருந்தபடியே மலை ரவுட்டருக்கு, 'புதிதாக ஒருத்தர் வந்திருக்கிறார், எல்லோருக்கும் சொல்லிவிடு' என்று உத்தரவு போட்டேன். அது ஒரு வரி எச்சரிக்கை காட்டியது. நீ மூடிய ஏரியாவுக்குள் இருக்கிறாய், வெளியாள் பற்றிய செய்தி இங்கிருந்து நகராது என்பது அதன் சாராம்சம். நான் அதை, சிகரெட் அட்டையில் இருக்கும் படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு என்டர் தட்டினேன்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஃபோன் அடித்தது.

"ஏங்க, நான்தான். போளூர் ஆஸ்பத்திரில ஒரு எடம் காலியா கீதாம். வர்றியா இல்லியான்னு அஞ்சு மணிக்குள்ள சொல்லணுமாம். நீங்க சென்னைக்குப் போறீங்களா இல்லியா, அத்த மொதல்ல சொல்லுங்க. நீங்க அங்க போய்ட்டா நான் போளூர்ல வந்து இன்னா பண்றது?"

கம்பெனி என்னைச் சென்னைக்குக் கூப்பிட்டிருந்தது. அன்று காலைதான் வேண்டாம் என்று கடிதம் அனுப்பியிருந்தேன். அவளிடம் நேரில் சொல்லி அசத்தலாம் என்று வைத்திருந்தேன். (அசத்துவதற்கென்று சேர்த்து வைக்கிற எதுவும் எனக்கு உருப்பட்டதில்லை.)

"போகல கோகிலா. நீ வா. உடனே வா."

"ஹலோ."

"வான்னு சொல்றேன்."

"ஹலோ. இன்னாங்க, பேசவே மாட்டேன்றீங்க? கோவமா?"

அவள் பேசுவது எனக்குக் கேட்டது. நான் பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை. ஃபோன் இணைப்பைக் கொடுக்கிற பெட்டி சுகாதார நிலையத்தின் பழைய கட்டடத்தில், எங்கள் நெட்வொர்க்கிலேயே இருந்ததால் மணி அடித்தது. அவள் குரல் போளூருக்கு வரும் வழி மலை ரவுட்டருக்குத் தெரியும், நான்தான் எல்லாவற்றையும் இங்கே அனுப்பு என்று சொல்லியிருந்தேனே. ஆனால் புதிய கட்டடம் என்று ஒன்று இருப்பதே போளூர் ரவுட்டருக்குத் தெரியாது. நான் சொன்ன 'வா'வெல்லாம் மேற்கே மலைக்குப் போகாமல், வேலூர்ப் பக்கம் போய் எங்கேயோ விழுந்துகொண்டிருந்தன.

இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் புரியவில்லை.

போளூர் ரவுட்டரின் பட்டியலை எடுத்து, பத்தாம் வகுப்பு ரிசல்ட்டில் நம்பரைத் தேடுகிறவன் மாதிரி மேலும் கீழும் தேடினேன். இல்லை. மலை ரவுட்டரின் பட்டியலைப் பார்த்தேன். அதில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அங்கே இருப்பது இங்கே ஏன் வரவில்லை? அது என் தப்பாக இருக்கலாம் என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். காற்று, குரங்கு, ஃபோனைத் தயாரித்த கம்பெனி. கடைசியில் கோபுரத்தின் மேல் சந்தேகம் வந்து பஷீரை ஏற்றினேன். பஷீர் வாணியம்பாடிக்காரன், எங்கள் கோபுர டெக்னீஷியன், என் வயசுதான். வீட்டில் எல்லோரும் தோல் வியாபாரம். இவன் மட்டும் உயரமான இடத்தில் நின்று கீழே இருப்பவர்களைக் கிண்டல் செய்யப் பிறந்தவன்.

இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டான். "மேல எல்லாம் நல்லா கீது மச்சி. ரிப்பேரு கீழதான்."

"கீழ எங்க?"

"உக்காந்து டைப் அடிக்குதே, அங்க."

கோகிலா சொன்ன விஷயத்தை அவனிடம் சொன்னேன். அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஒன்ற மணிக்கு மலை பஸ்ஸு. ஒரு சீட்டுல எழுதி கண்டக்டராண்ட குடு. நாலு மணிக்கெல்லாம் அண்ணி கையில இருக்கும். மலைக்காரங்க மாத்திர, மருந்து, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அப்டித்தான் அனுப்புறாங்க."

"பாய், நான் நெட்வொர்க் இன்ஜினியர். என் பொண்டாட்டிக்கு நான் பஸ்ல சீட்டு குடுத்தனுப்பறதா?"

"அப்ப பைக்க எடுத்துக்கினு போய்ட்டு வா."

"ரெண்டு மணி நேரம் ஆவும். அதுக்குள்ள இத்த சரி பண்ணிடுவேன்."

ஒன்றரை மணி பஸ் ஜன்னல் வழியே தெரிந்தது. ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. நான் கேபிளைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு மறுபடியும் ஃபோன். எடுத்தேன், 'ஹலோ' என்றேன், பலன் இல்லை என்று தெரிந்தும். கை இரண்டும் விசைப்பலகையில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏங்க." அவள் குரல் இறங்கியிருந்தது. "கேக்குதா இல்லியான்னு தெரியல. கேக்காட்டியும் பரவால்ல. வார்டுல ரெண்டு பேருக்கு வலி எடுத்துடுச்சி, நான் ஒருத்திதான் கீறேன், வளைவுக்குப் போயி பேச முடியாது. இங்க ராத்திரி சோறு வடிக்கசொல்ல ரெண்டு பேருக்குத்தான் அரிசி போட்டுட்றேன். வேணும்னு இல்ல, கை அப்டி போவுது. போன தபா வந்தப்ப சீப்ப வுட்டுட்டுப் போய்ட்டீங்க. பாதி பல்லு இல்ல. அதுலதான் தல வார்றேன். நாலு மாசத்துல நாம ஒண்ணா இருந்தது எத்தினி நாளுன்னு எண்ணிப் பாத்தேன். வாணாம், அத்த சொல்லமாட்டேன்."

பஷீர் சத்தமில்லாமல் எழுந்து டீ குடிக்கப் போனான். அவன் ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் டீ குடித்திருந்தான்.

"சென்னைக்குப் போறதுன்னா போய்ட்டு வாங்க. நான் ஒண்ணும் நெனச்சிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் இன்ஜினியராக வேலை செய்யவில்லை, பைத்தியமாக வேலை செய்தேன். பைத்தியத்துக்குக் கண் நன்றாகத் தெரியும் போலிருக்கிறது. நாலே முக்காலுக்கு, முந்தின நாள் அந்த ரவுட்டர் காட்டிய எச்சரிக்கை பதிவில் கிடப்பதைப் படித்தேன். இந்த முறை கடைசிவரை படித்தேன். வெளியாள் பற்றிய செய்தி மலைக்குள் போகக்கூடாது என்று நான் போட்ட கதவு, மலையிலிருந்து அப்படிப்பட்ட செய்தி வெளியே வருவதையும் தடுக்கிறது. கதவுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதை, படம் போட்டுக் கைதட்டல் வாங்கியவன் யோசிக்கவில்லை.

மருந்து சுலபம். மூடிய ஏரியா என்ற வரியை அழித்துவிட்டு, தன்னிடம் வந்து சேர்ந்த வெளியாளை மட்டும் கீழே அறிவிக்கலாம் என்கிற அரைக்கதவு ஏரியாவாக மாற்ற வேண்டும். மலை ரவுட்டரிலும் மாற்ற வேண்டும், போளூரிலும் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் வேறொன்றும் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளாது. இது எனக்குத் தெரியும். வேலைக்கு எடுத்த நேர்காணலில் இந்தக் கேள்விக்குத்தான் நான் பதில் சொல்லித் தேறினேன்.

மலை ரவுட்டருக்குள் போய்ப் பழைய வரியை அழித்தேன். புதிய வரியை அடிக்க விரலைத் தூக்கினேன். அதற்குள் திரை உறைந்துவிட்டது. நான் அடித்துக்கொண்டிருந்ததே அந்த இணைப்பு வழியாகத்தான். ஏணியில் நின்றுகொண்டு ஏணியை உருவியிருந்தேன். ஐந்துக்குப் பத்து நிமிடம்.

(போளூரிலும் அந்த வரியை அழித்திருந்தால் இரண்டும் அப்போதே சமாதானமாகியிருக்கும். பிறகு சென்னையிலிருந்து ஒருவர் ஃபோனில் சொன்னார். நான் "ஆமாங்க சார்" என்றேன். அதற்கு மேல் அந்தப் பேச்சில் என் பங்கு எதுவும் இல்லை.)

"இன்னா மச்சி, சரியாய்ட்ச்சா?" என்று பஷீர் கேட்டான்.

"மலை போய்டுச்சி."

"எங்க போச்சி?"

லேப்டாப்பையும் ஒரு கேபிளையும் எடுத்துக்கொண்டு பைக்கை உதைத்தேன்.

மேலே போய்ச் சேரும்போது வெயில் இறங்கியிருந்தது. ரேஷன் கடை வாசலில் ஒரு கூட்டம். வழி விடச் சொல்லி நிறுத்தினேன். கேழ்வரகு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒருவர், "கடைல மிசினு வேல செய்யலபா. கீழ எவனோ எத்தையோ புடுங்கிட்டானாம்" என்றார்.

"யாரா இருக்கும்?" என்றேன், முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாமல்.

"எவனா இருந்தா இன்னா. ஒரு நா அவன இங்க கொண்டாந்து இந்த வரிசைல நிக்க வெச்சா தெரியும்."

நான் அவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். பழைய கட்டடத்துக்குப் போய், அங்கே இருந்த மலை ரவுட்டரில் கேபிளைச் செருகி, அழித்த வரியைத் திருப்பி அடித்தேன். அரை நிமிடத்தில் மலை திரும்பி வந்தது. ரேஷன் கடைப் பக்கமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. ஊரே சேர்ந்து பெருமூச்சு விட்டால் அப்படித்தான் இருக்கும்.

கோகிலா புதிய கட்டடத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒரு குழந்தை பிறந்துவிட்டது, இன்னொன்று வழியில் இருக்கிறது என்றாள். பிறகுதான் என்னை நன்றாகப் பார்த்தாள்.

"சென்னைக்குப் போகல. போளூர்லயே இருக்கப் போறேன்" என்றேன். மூச்சு வாங்கியது.

"காலைலயே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னேன்."

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். "நீங்க இன்னா சொன்னாலும் சரி, நான் வந்துட்றதுன்னு முடிவு பண்ணிட்டேங்க. அந்தம்மா வலில கீது, நான் பாதில இந்தப் பழைய கட்டடத்துக்கு ஓடியாந்து, மருந்துக்காரரு டேபிள் கம்ப்யூட்டர்ல டிபார்ட்மென்ட் பக்கத்த தொறந்து, சம்மதம்னு அமுக்கிட்டேன். அதுல அது ஒண்ணுதான் தொறக்கும். வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கினே கீது. அப்புறம் எல்லாம் நின்னு போச்சி."

"எத்தினி மணிக்கு?"

"அஞ்சாவ பத்து நிமிசம் இருக்கும்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அது நான்தான்" என்றேன்.

எப்படி என்று அவள் கேட்க, நான் கதவு, ஏரியா, பட்டியல் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப, பொண்டாட்டி எங்க இருக்கான்னு உங்க போளூர் மிசினுக்குத் தெரியல."

"தெரியல."

"அத்த தெரிய வெக்கறேன்னு, எனக்கு ஒலகமே தெரியாத மாதிரி பண்ணிட்டீங்க."

சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் அது வேறு மாதிரி ஆனது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் பார்த்தபடி கேட்டாள்: "மூணு மணிக்கு ஒரு தபா பண்ணனே. அப்ப நான் பேசனது கேட்டுச்சா?"

"இல்ல. அப்ப லைனே சுத்தமா இல்ல" என்றேன்.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். எழுந்து ஓடினாள்.

மறுநாள் காலை இரண்டு பக்கமும் வரியை மாற்றினேன். ஒரு நிமிட வேலை. போளூர்ப் பட்டியலில் அந்தக் கட்டடம் வந்து உட்கார்ந்தது. போளூர் ஆஸ்பத்திரியில் வேறொரு பெண் வந்து உட்கார்ந்தார். அடுத்த இடம் காலியாக இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடமும் ஃபோன் கண்ணாடி மாதிரி வேலை செய்தது. அவள் பேசுவது எனக்குக் கேட்கும், நான் பேசுவது அவளுக்குக் கேட்கும். அரிசி தீர்ந்தது, மழை வருகிறது, டார்ச்சுக்கு பேட்டரி வேண்டும் என்று பேசிக்கொள்வோம். வைப்பதற்கு முன் அவள் கொஞ்சம் நிறுத்துவாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். "சரிங்க, வெச்சிட்றேன்" என்பாள். அந்த மூன்று மணிப் பேச்சை மறுபடி ஒரு தடவை கேட்பதற்காக, நெட்வொர்க்கைக் கெடுத்துப் பார்க்கலாமா என்றுகூட ஒரு நாள் யோசித்தேன்.

இப்போது அவள் போளூரில்தான் இருக்கிறாள். ஆஸ்பத்திரி வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அந்தக் கதை செங்கம் வரை போய்விட்டது. பண்டிகைக்கு மாமனார் வீட்டுக்குப் போனால், நான் சாப்பிட்டுவிட்டு ஒரு மூலையில் சும்மாத்தான் உட்கார்ந்திருப்பேன். கரண்ட் போகும், அல்லது குழாயில் தண்ணீர் நிற்கும், அல்லது டிவியில் படம் உறையும். சமையலறையில் கோகிலா முதலில் சிரிப்பாள். அடுத்த அறையிலிருந்து மாமனார் குரல் மரியாதையாக வரும்:

"மாப்ள, எதுனா சரி பண்ணீங்களா?"