ஏழு பாயிண்ட்டில் போன சமையலறை

எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் நுழைய எனக்குச் சட்டப்படி எந்த உரிமையும் கிடையாது. அம்மாவுக்கும் கிடையாது. முப்பது வருடமாக அங்கே சமைக்கிறாள் என்பதெல்லாம் கணக்கில் வராது. குளியலறை மட்டும் முழுக்க எங்களுடையது. வாசலில் உள்ள இரட்டைக் கதவில் ஒன்று எங்களுடையது, மற்றது அத்தையுடையது. இதற்குப் பங்காளிச் சண்டையோ கோர்ட்டு வழக்கோ காரணமில்லை. நான் தயாரித்த ஏழு பாயிண்ட் பட்டியல்தான் காரணம்.

எனக்குப் பட்டியல் போடும் வியாதி உண்டு. திருச்சியில் ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் வரைபடங்களைச் சரிபார்ப்பது என் வேலை. எங்கள் அலுவலகத்தின் முதல் விதி, கடைசித் தாள் வரை படிக்காமல் வாயைத் திறக்காதே என்பது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதும் நான்தான். (சிரிக்காதீர்கள். சிரிக்க இன்னும் நிறைய இருக்கிறது.)

வீடு திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. அப்பாவின் அப்பா, எங்கள் வழக்கில் அய்யா, தன் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டியது. அவர் உயில் எழுதாமல் காலமானார். அவர் மனைவி அவருக்கு முன்பே போய்விட்டதால் வாரிசுகள் இரண்டே பேர்: என் அப்பாவும் அவருடைய அக்கா வள்ளிக்கண்ணு அத்தையும். அத்தை அறந்தாங்கிப் பக்கம் வாக்கப்பட்டவள்.

இப்படிப்பட்ட வீடுகளில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. கட்டிக்கொடுத்த பெண் ஒரு நாள் பஸ் ஏறி வருவாள். தன் பங்கை உடன்பிறந்தவனுக்கு விட்டுக்கொடுத்ததாக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவாள். அவன் ஒரு புடவை எடுத்துத் தருவான். எல்லாரும் ஓட்டலில் இலை போட்டுச் சாப்பிடுவார்கள். சாயங்கால பஸ்ஸில் அவள் திரும்பிப் போவாள். யாரும் யாரையும் மிரட்டுவதில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

"வெள்ளிக்கிழமை அத்தை வருது. பத்திர ஆபீஸ் போறோம். நீயும் லீவு போட்டுட்டு வா" என்று அப்பா போன் செய்தவுடன் நான் களத்தில் இறங்கினேன். மூன்று நாள் இணையத்தில் வாரிசுரிமைச் சட்டம் படித்தேன். ஒரே தாளில் ஏழு பாயிண்ட்டுகள். ஒன்று: உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. இரண்டு: கல்யாணம் செய்து கொடுத்ததாலோ நகை, சீர் செய்ததாலோ மகளின் பங்கு போய்விடாது. மூன்று: வாயால் 'எனக்கு வேண்டாம்' என்றால் செல்லாது, பதிவுசெய்த பத்திரம் வேண்டும். நான்கு: படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். (இந்த நான்காவதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.) மீதி மூன்றும் உரிய நேரத்தில் என்னை வந்து கடித்தன. அப்போது சொல்கிறேன்.

அப்பாவிடம் முன்கூட்டியே பேசியிருக்கலாம்தான். ஆனால் பேசினால் அவர் "சரி" என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அப்படிச் சொல்லிவிட்டால் நான் யாரிடமிருந்து அத்தையைக் காப்பாற்றுவது?

வெள்ளிக்கிழமை காலையில் தெளிவான தடயங்கள் நாலைந்து என் கண்முன்னே இருந்தன. அப்பா என் ஆதார், பான் கார்டு நகல்களைக் கேட்டார். போட்டோவும் கேட்டார். சாட்சிக் கையெழுத்துக்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன். "இன்னிக்காச்சும் ஒரு சேலையக் கட்டிட்டு வாடி" என்றாள் அம்மா. பஸ் ஸ்டாண்டில் இறங்கிய அத்தை என் கன்னத்தைக் கிள்ளி, "மருமவளே, இன்னிக்கி ஒன் மொகத்துல தனிக் களை" என்றாள். நான் எதையும் கவனிக்கவில்லை. என் கண் முழுக்க அப்பாவின் கையில் தொங்கிய ஜவுளிக்கடைப் பையில் இருந்தது. உள்ளே பட்டுப் புடவை. அரக்குக் கலர்.

ஒரு புடவைக்கு அரை வீடா! கொதித்துப் போனேன். (வெளியே அமைதியாகத்தான் இருந்தேன். நான் எப்போதுமே நிதானமான பெண் என்று பெயர் எடுத்தவள். அன்று பதினொன்றரை மணி வரை.)

பத்திர ஆபீசுக்கு எதிரே தகரக் கொட்டகையில் பத்திர எழுத்தர் உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கு நெடுநாள் பழக்கம். பத்திரங்களை என் பக்கம் நீட்டினார்.

"பாப்பா, படிச்ச புள்ள நீ. ஒருக்கா பாத்துரு. பேரு, இனிஷியல் எல்லாம் சரியான்னு."

"இருக்கட்டும் சார். உள்ள என்ன எழுதியிருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

அந்த மனிதர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா உதட்டில் விரலை வைத்தார். அதையும் பார்த்தேன். சதியின் அடையாளமாக மனதில் குறித்துக்கொண்டேன்.

டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். சார்பதிவாளர் நிதானமான ஆள். முதல் பத்திரத்தைப் புரட்டிவிட்டு அத்தையிடம் கேட்டார்.

"ஏம்மா, என்ன ஏதுன்னு தெரிஞ்சுதான் கையெழுத்துப் போடுறீங்களா?"

"தம்பி சொல்லிருக்காப்ல. போடுறேங்க" என்றாள் அத்தை.

"ஒரு நிமிஷம் சார்!"

அது என் குரல்தான். வரிசையில் நின்றவர்கள், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், கைநாட்டு வைக்க வந்திருந்த ஒரு பெரியவர் எல்லாரும் திரும்பினார்கள்.

"நீங்க யாரும்மா?"

"இவங்க தம்பி மக சார். இவங்களுக்கு இந்த வீட்டுல சரிபாதி உரிமை இருக்கு. அது இவங்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லல. ஒரு சேலையக் குடுத்து எழுதி வாங்குறாங்க."

அப்பா என் முழங்கையைப் பிடித்தார். "வாணி, கம்முனு இரு."

"ஏன்பா கம்முனு இருக்கணும்? சட்டம்பா!"

சார்பதிவாளர் அடியில் இருந்த இரண்டாவது பத்திரத்தை மெல்ல இழுத்து ஒரு பார்வை பார்த்தார்.

"உங்க பேரு என்ன?"

"கலைவாணி."

பத்திரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார்.

"இதுல உங்களுக்கு ஆட்சேபணையா?"

"ஆமா சார்."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"நூறு சதவீதம் சார்."

இன்றைக்கும் அந்த மனிதரை நினைத்தால் எனக்கு மரியாதைதான். தன் பதவிக்குள் நின்றபடி என்னைக் காப்பாற்ற அவரால் முடிந்ததையெல்லாம் செய்தார். பிறகு அத்தை பக்கம் திரும்பி, "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார்.

"புள்ள என்னமோ சொல்லுதேங்க. என்னான்னு கேட்டுக்கிறேனே."

"கேட்டுக்கிட்டே வாங்க. அடுத்த டோக்கன்."

வெளியே வந்தோம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுத்த பஸ்ஸிலிருந்து தானாகக் குதித்துவிட்ட பயணியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

தகரக் கொட்டகையில் எழுத்தர் கேட்டார். "பாப்பா, அந்த ரெண்டாவது டாக்குமெண்ட்டு என்னன்னு தெரியுமா?"

"அதுவும் ஏதாச்சும் இவங்ககிட்ட எழுதி வாங்குறதுதான?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பதுபோல் வாசித்தார். அத்தை விட்டுக்கொடுத்ததும் முழுவதும் அப்பாவுக்கு ஆகிவிடும் அந்த வீட்டை, அவர் தன் மகள் கலைவாணிக்கு, அன்பின் மிகுதியால், தான செட்டில்மெண்ட்டாக எழுதிக் கொடுக்கிறார். நான்கு எல்லைகள் உட்பட. கிணறு உட்பட. மின் இணைப்பு உட்பட.

பெஞ்சில் உட்கார்ந்தேன். அது பெஞ்சு இல்லை, ஜெராக்ஸ் தாள் கட்டு. எழுத்தர் பெருந்தன்மையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அக்காதான் சொன்னுச்சு" என்றார் அப்பா. "'கையெழுத்துத்தானடா, போடுறேன். ஆனா வீட்ட வாணி பேருல எழுதிரு. ஒம் பையன் சிங்கப்பூருல சம்பாரிக்கிறான், அவன் பாத்துக்குவான்'னு. ஒனக்கு இன்ப அதிர்ச்சியா இருக்கட்டுமேன்னு சொல்லாம வச்சிருந்தோம்."

"அந்தச் சேலை?"

"அது ஒனக்குத்தான்டி. அத்தை எடுக்கச் சொன்ன சீரு" என்றாள் அம்மா. அவள் குரலில் இருந்த சூட்டில் சோளப்பொரி பொரித்திருக்கலாம்.

அப்போதும் ஒரு நம்பிக்கை இருந்தது. அடுத்த வாரம் இன்னொரு டோக்கன் வாங்கினால் போயிற்று. ஓட்டலில் சாப்பிடும்போது அதைத்தான் பேசினோம். அத்தை மட்டும் ரசத்தோடு நிறுத்திக்கொண்டு, "அந்தத் தாள ஒண்ணு குடு, பாப்போம்" என்று கையை நீட்டினாள். ஐந்து பிரதி எடுத்திருந்தேன். ஒன்றைக் கொடுத்தேன். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு நாலு மணி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

எட்டு நாள் கழித்து போன் வந்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, கோவிச்சுக்காத. எனக்கு என் பங்கு வேணும்."

அப்பா போனை மேசை நடுவில் நகர்த்தி வைத்தார்.

"குடுக்கணும்னுதான்டா வந்தேன். சத்தியமா. ஆனா எனக்குன்னு ஒண்ணு இருக்குன்னே அந்தப் புள்ள சொல்லித்தான் தெரியும். இல்லாதத விட்டுக் குடுக்கிறேன்னுல்ல நெனச்சிருந்தேன். எனக்கு அறுவத்தஞ்சு வயசாகுது. எம்பேருல ஒரு ஆதார் கார்டும் ஒரு கேஸ் புக்கும்தான் இருக்கு."

"அத்தை," என்று நான் குறுக்கே புகுந்தேன், "அன்னைக்கு நான் சொன்னது என்னன்னா..."

"நீ சொன்னதுதான் ஆத்தா. அஞ்சாவது பாயிண்ட்டு. அப்பன் வழியில வந்தது எனக்கே முழுசா சொந்தம், புருசனக் கேக்க வேணாம், புள்ளையக் கேக்க வேணாம்னு போட்டிருக்கியே. அத மட்டும் நாலு தடவ படிச்சேன்."

பட்டியலை எடுத்து வரி வரியாக ஓட்டை தேடினேன். மறுத்துப் பேச ஒரு பாயிண்ட் கூடக் கிடைக்கவில்லை. பட்டியலில் பிழையே இல்லை. என் தொழில் வாழ்க்கையில் நான் தயாரித்த ஒரே பிழையற்ற ஆவணம் அதுதான்.

அப்பா போன் பக்கம் குனிந்தார். "அதுவும் சரிதான்க்கா. வா, பிரிச்சுக்குவோம்" என்றார்.

போனை வைத்ததும் கடைசி முயற்சியாக, "அப்பா, அப்ப உங்க பாதியையாவது என் பேருல..." என்று இழுத்தேன்.

"ஆறாவது பாயிண்ட்டப் படி" என்றார் அவர். படித்தேன். உரிமையாளர் உயிரோடு இருக்கும்வரை அவருடைய சொந்தச் சொத்தில் பிள்ளைகள் பங்கு கேட்க முடியாது. "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பாகப்பிரிவினைக்கு வரைபடம் வேண்டும். "வீட்டுலயே இஞ்சினியரு இருக்கையில வெளியாளு எதுக்கு?" என்றார்கள். ஆக என் வீட்டை நானே அளந்து, என் கையாலேயே கோடு போட்டேன். வடக்குப் பார்த்த வீடு. இரண்டு பாதிக்கும் தெருவாசல் வர வேண்டும் என்றால் கோடு வடக்குத் தெற்காகத்தான் போக முடியும். அது வாசல் கதவின் நடுவே புகுந்து, கூடத்தை வகிர்ந்து, பின்பக்கம் போயிற்று. கிழக்குப் பாதியில் சமையலறை. மேற்குப் பாதியில் குளியலறை. கிணறு பொது.

"பாத்துப் போடுடி, பாத்துப் போடுடி" என்று அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சமையலறையை மட்டும் ஒரு வளைவு வளைத்து எங்கள் பக்கம் கொண்டுவர முடியுமா என்றுகூடக் கேட்டாள்.

எந்தப் பக்கம் வேண்டும் என்று அப்பா அத்தையிடம் கேட்டார். அத்தை யோசிக்கவே இல்லை. "அடுப்பு இருக்க பக்கம்."

"ஏன் அண்ணி?" என்றாள் அம்மா, ஈனக்குரலில்.

"கல்யாணமாகிப் போற வரைக்கும் இந்த வீட்டுல எனக்குத் தெரிஞ்ச ஒரே எடம் அதுதான்" என்றாள் அத்தை.

அந்தப் பக்கத்தில் அத்தை பேரை எழுதச் சொல்லி அம்மா என் தோளைத் தட்டினாள்.

பதிவு அன்று அதே சார்பதிவாளர். என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இன்னைக்கு உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?" என்று பவ்யமாகக் கேட்டார். ஆபீசே சிரித்தது. பத்து நாள் கழித்து அத்தை தன் பாதியில் பால் காய்ச்சினாள். அந்த அரக்குக் கலர்ப் பட்டைத் தானே கட்டிக்கொண்டாள். அவளுக்கு அது நன்றாகத்தான் இருந்தது. (எனக்கு இன்னும் நன்றாக இருந்திருக்கும்.)

குறுக்கே சுவர் எழுப்பவில்லை. அம்மா அதே அடுப்பில்தான் சமைக்கிறாள், அத்தையின் அனுமதியோடு. ஆனால் ஒன்று மாறிவிட்டது. முன்பெல்லாம் அத்தை வந்தால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்ததைச் சாப்பிட்டு, நாலு மணி பஸ்ஸுக்கு மூன்று மணிக்கே கிளம்பிவிடுவாள். இப்போது மாதம் ஒரு முறை பெட்டியோடு வருகிறாள். ஒரு வாரம் இருக்கிறாள். வந்ததும் சமையலறை ஜன்னலைத் திறந்து, "ஒட்டடை அடிக்கலயா? என் வீட்ட இப்புடியா வச்சிருக்கீக?" என்கிறாள். அம்மா உடனே, "குளிச்சிட்டு வாங்க அண்ணி. எங்க பாத்ரூம்தான், பரவால்ல" என்கிறாள். அறந்தாங்கியில் யார் கேட்டாலும், "எம் மருமவ ஆபீசருகிட்டப் பேசி எனக்கு அரை வீடு வாங்கிக் குடுத்தா" என்று சொல்கிறாளாம்.

என் பட்டியலை லேமினேட் செய்து அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கிறாள். காபி போடப் போகும்போதெல்லாம் தடித்த எழுத்தில் நான்காவது பாயிண்ட் என்னை முறைக்கிறது.

ஏழாவதைச் சொல்லவில்லையே. ஏழு: உயிலை எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். தன் பாதியை எனக்கே உயில் எழுதப் போவதாக அத்தை ஒரு நாள் கூடத்தில் எல்லார் முன்னிலையிலும் அறிவித்தாள். பெண்ணுரிமை, அத்தையின் இரண்டு பையன்கள், அவர்களுடைய நியாயம் என்று பேச எனக்கு எவ்வளவோ இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. "பரவால்ல, படிச்சுட்டா" என்றார் அப்பா.

ஆனால் அதிலிருந்து அந்த உயில் தினமும் மாறுகிறது. சிங்கப்பூரிலிருந்து தம்பி போன் செய்தால் முதலில் கேட்பது, "இன்னைக்கு யார் பேருல?" என்பதுதான். போன வாரம்கூட அனுமதி கேட்டு அத்தையின் சமையலறைக்குள் போய், அத்தையின் அடுப்பில், அத்தைக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து நீட்டினேன். அத்தை ஒரு வாய் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சீனி கம்மி. இன்னிக்கி ஒன் தம்பி பேருல."