ஒண்ணுமில்லை ஆசாமியின் ஆறு மில்லிமீட்டர்

ஒண்ணுமில்லை ஆசாமி என்றொரு இனம் உண்டு. தலையில் கட்டோடு வந்தாலும், நொண்டிக்கொண்டே வந்தாலும், என்ன ஆச்சு என்று கேட்டால் "ஒண்ணுமில்லை" என்பதுதான் பதில்.

நம்முடைய ஆசாமி பேருந்து ஓட்டுநர். மூன்று வருடமாகக் குடலில் புண்ணும் வீக்கமும். தன் தடத்தில் எந்த நிறுத்தத்தில் கழிப்பறை உண்டு, எதில் தாழ்ப்பாள் விழாது, எதில் தண்ணீர் வராது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் டாக்டர் கேட்டால், ஒரு நாளைக்கு இரண்டே தடவை என்பார். பத்தாவது தடவை போய்விட்டு வந்த ஈரக்கையோடு சொல்வார். பக்கத்து நாற்காலியில் மனைவி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏன் இந்தப் பொய்? உள்ளதைச் சொன்னால் வண்டியிலிருந்து இறக்கி மேசை வேலையில் உட்கார வைத்துவிடுவார்களோ என்ற பயம்தான், பாவம்.

இந்த முறை டாக்டரம்மா கேள்வியே கேட்கவில்லை. மூன்று நாள் கழித்து வாருங்கள், வயிற்றை ஸ்கேன் பண்ணிப் பார்த்துவிடலாம் என்றார். ஆசாமி அசருவாரா? விருந்தாளி வருமுன் கூடத்தைப் பெருக்குவது போல, மூன்று நாளும் அரைவயிறும் கால்வயிறுமாகக் கிடந்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய்ப் படுத்தார். வயிற்றில் ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்ததும், போட்டோவுக்கு நிற்பவர் போலத் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"மூச்சை விடுங்க சார். குடல் போஸ் குடுக்காது."

டாக்டரம்மா திரையை அவர் பக்கம் திருப்பினார். தடித்த சாம்பல் வளையம் ஒன்று. அதைச் சுற்றி ரத்த ஓட்டம் சிவப்புச் சிவப்பாய் மின்னியது.

"குடல் சுவரோட தடிமன் மூணு மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். உங்களுக்கு ஆறு. நான் குடுத்த மாத்திரையை எப்ப நிறுத்தினீங்க?"

வாய் பழக்கதோஷத்தில் "ஒண்ணுமி..." என்று தொடங்கி, திரையைப் பார்த்து நின்றது.

"ரெண்டு மாசமாச்சு. ஒரு நாளைக்குப் பத்து தடவை போறேன் மேடம்."

இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டிருந்தால் குடலை வெட்ட வேண்டி வந்திருக்கும், இப்போது மருந்திலேயே வீக்கத்தை இறக்கப் பார்க்கலாம், அடங்கியதும் வண்டி ஏறலாம் என்றார் டாக்டரம்மா. ஆசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. இதைச் சொல்லவா மூன்று வருடம் பயந்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

வெளியே வந்தபோதுதான் கவனித்தார்: மனைவி சுவரைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கினார்.

"முட்டி வலிக்குதா?"

"எனக்கென்ன, ஒண்ணுமில்லை."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அது இருக்கட்டும், ஒரு மாதமாக வலது பக்கமாகவே மென்று சாப்பிடுகிறீர்களே, இடது பக்கம் என்ன ஆச்சு? பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டதல்லவா?