பாத்திரம் ஒருத்தனுக்கு, மூடி ஒருத்தனுக்கு

குடவாசல்,
1998, கார்த்திகை பிறந்து மூணாம் நாள்.

அன்புள்ள மாப்பிள்ளை ஆல்பினுக்கு, உன் தாய்மாமன் குழந்தைராஜ் எழுதிக்கொண்டது. இங்கு நானும், உன் அம்மா விண்ணரசியும், அவள் வளர்க்கும் முட்டுகிற பசுவும் மாதா கிருபையால் சௌக்கியம். ஷார்ஜாவில் நீயும் உன் தொப்பையும் அதேபோல் இருக்க வேண்டுகிறேன். போட்டோ கிடைத்தது. நீ சாய்ந்து நிற்கிற கார் உன்னுடையது இல்லை என்பதை ஊரில் யாருக்கும் சொல்லவில்லை.

நிற்க. தையில் ஒரேயடியாகத் திரும்பி வருவதாகவும், வந்தால் உட்கார நம் வாடகைப் பாத்திரக் கடை இருக்குமா என்று பயமாக இருப்பதாகவும், உன் தம்பி ஜெனித்துக்கும் உன்னோடு படித்த சாய்ராமுக்கும் நடக்கும் சண்டையை நான்தான் தீர்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். பாலைவனத்தில் வெந்து நீ அனுப்பியதெல்லாம் அந்தக் கடையில் அண்டாவாகக் குந்தியிருக்கும்போது உனக்குத் தூக்கம் வராதுதான். ஆகவே ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கடை தொறந்த புதுசுல, பாத்திரத்துல யாரு பேரை வெட்டுறதுன்னு ரெண்டு பேரும் மொறைச்சுக்கிட்டு நின்னானுங்க. பேரு வெட்டுற ஆளு வாசல்ல உளியை வச்சுக்கிட்டுத் தூங்கியே போயிட்டான். நான்தான் ஜெனித்தைத் தனியாக் கூப்பிட்டு, பாத்திரம் பெருசுடா, பேரையும் பெருசா வெட்டலாம்னேன். அப்புறம் சாய்ராமைத் தனியாக் கூப்பிட்டு, மூடிதான் மேல இருக்கும், ஜனம் முதல்ல உன் பேரைத்தான் பாக்கும்னேன். ரெண்டு பேரும் அடுத்தவனை ஏமாத்திட்டோம்னு சந்தோஷமா டீ வாங்கிக் குடுத்தானுங்க. பாத்திரம் பூரா ஜெனித், மூடி பூரா சாய்ராம். இதுவரைக்கும் உனக்குத் தெரியும். இந்த வருஷம் சாய்ராம் பெருமாள் கோயில் உற்சவத்துக்கு இனாமாப் பாத்திரம் குடுத்தான், உடனே நம்ம ஆளு மாதா கோயில் திருவிழாவுக்கு அதைவிட ரெண்டு நாள் கூடுதலா இனாம் குடுத்தான், அவன் பஜனைக்குக் குடுத்தான், இவன் ஜெபக்கூட்டத்துக்குக் குடுத்தான், ஐப்பசி முகூர்த்தத்துக்குக் காசோட வந்தவனுக்குக் குடுக்க கடையில ஒரு கரண்டி இல்ல. சண்டை முத்திப்போயி பாகம் பிரிச்சுக்கிட்டானுங்க. எப்படின்னா, யாரு பேரு வெட்டியிருக்கோ அது அவனுக்கு.

கடைக்கு நடுவுல கீத்துத் தட்டி கட்டியாச்சு. இந்தப் பக்கம் ஜெனித்து, வெறும் பாத்திரம். அந்தப் பக்கம் சாய்ராம், வெறும் மூடி. மூடி மட்டும் வாடகைக்கு எடுத்த ஒரே ஆளு நம்ம வைரக்கண்ணு, வாத்துக்குத் தண்ணி வைக்க.

இதுக்கு நடுவுலதான் நன்னிலம் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் நாகேஸ்வரன் வீட்டுக் கல்யாணம். ஜெனித்து ஆர்டரைப் பிடிச்சுப் பாத்திரத்தை ஏத்தி அனுப்பிட்டான். தட்டிக்கு அந்தப் பக்கம் போயி மூடி குடுன்னு கேக்க ரோஷம் விடல. கேக்காம குடுக்க சாய்ராமுக்கு ரோஷம் விடல. சமையக்காரர் வாழை இலையைப் போட்டு மூடினாரு. ஐப்பசி மழை இலையைக் கேக்குமா? பந்திக்குப் பந்தி ரசம் கூடிக்கிட்டே போச்சு. கடைசிப் பந்தியில அதுல கையைக் கழுவிட்டு எந்திரிச்சாங்களாம்.

மறுநாள் ஹெட்மாஸ்டர் குடையை ஓங்கிக்கிட்டு கடைக்கு வந்தாரு. நான் டீக்கடையிலயே மடக்கிட்டேன். "சார், ரெண்டு பேரையும் திட்டாதீங்க. ஜெனித்தை மட்டும் திட்டுங்க. சாய்ராம் காதுல விழுற மாதிரி திட்டுங்க" அப்படின்னேன். பள்ளிக்கூடத்துல திட்டிப் பழகுன தொண்டை, கேக்கணுமா. உன் பாத்திரமும் ஆச்சு நீயும் ஆச்சு, உனக்கெல்லாம் எதுக்குடா கடைன்னு கிழிச்சாரு. ஜெனித்து தலையைக் குனிஞ்சு நின்னான். நான் தட்டியையே பாத்துக்கிட்டிருந்தேன். அது ஆடுச்சு. ஒதுக்கிக்கிட்டு சாய்ராம் வந்துட்டான்.

"சார், அவனைச் சொல்லாதீங்க. மூடி குடுக்காதது நான்."

"அவன் எங்க சார் குடுக்க மாட்டேன்னான்? நான்தான் கேக்கல."

எந்தத் தப்பு யாருதுன்னு அதுக்கும் ஒரு சண்டை போட்டானுங்க பாரு, ஹெட்மாஸ்டர் குடையை மடக்கிக்கிட்டு என் பக்கத்துல உக்காந்துட்டாரு. தட்டியைப் பிரிச்சு அதையே அடுப்புல வச்சு அவருக்குக் காபி போட்டாங்க. இனிமே யாரு பேரும் வேண்டாம், பாத்திரத்துலயும் மூடியிலயும் ஆல்பின் பேரை வெட்டுங்கடான்னு நான் தீர்ப்புச் சொன்னேன். ரெண்டு பேரும் தலையாட்டிட்டானுங்க. நேத்துலேருந்து கடையில டொக்கு டொக்குன்னு உன் பேருதான் கேக்குது.

ஆகவே கவலையை அங்கேயே விட்டுவிட்டு வா. கடையும் இருக்கிறது, உட்கார இடமும் இருக்கிறது. மாதா உன்னை வழியில் காத்து, எனக்கு நீ வாங்கிய டார்ச் லைட்டையும் காத்து, கொண்டுவந்து சேர்க்கட்டும். உன் அம்மாவின் முத்தங்கள். பசு ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் மாமன்,
குழந்தைராஜ்.

பின்குறிப்பு: இதை ஒட்ட நாக்கை நீட்டும்போது கடையில சத்தம் கேட்டுப் போயிட்டு வந்தேன். திருச்சி ஏர்போர்ட்டுல உன்னைக் கூப்பிட யாரு போறதுன்னு ஆரம்பிச்சு, புதுத் தட்டி கட்டிட்டானுங்க. இது தகரம், சீக்கிரம் எரியாது. ஆனா நான் தீர்ப்புச் சொல்லிட்டேன், ரெண்டு பேருக்கும் ரொம்பத் திருப்தி. உன்னை ஜெனித்து அழைச்சிக்கிட்டு வருவான். உன் பெட்டியை சாய்ராம் கொண்டுவருவான். டார்ச் லைட்டை மட்டும் கையில வச்சுக்க.