மாப்பிள்ளையைக் கழித்த கதை

புத்திசாலி என்று பேர் எடுத்தவனிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்கவே கூடாது. நான் அப்படிப் பேர் எடுத்திருந்தேன். என் தங்கை வசந்தாவின் கல்யாணத்தன்று சாவியும் என்னிடம்தான் இருந்தது.

எழுபதுகளின் கடைசி. கல்பாக்கம் போகும் வழியில் ஒரு அலுவலகத்தில், கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு வேலை. (அறை முழுக்க ஏசி. அது மிஷினுக்கு, நாங்கள் ஓசியில் அனுபவித்தோம்.) மெமரியில் ஒரே இடத்தைப் பல வேலைகள் பங்குபோட்டுக்கொள்ளும். அதற்கு ஒரு பூட்டு எழுதுவது என் பொறுப்பு. ஒரு வேலை உள்ளே நுழைந்தால் கணக்கில் ஒன்று கூட்டு. வெளியே போனால் ஒன்று கழி. பூஜ்ஜியம் ஆனால் இடத்தைக் காலி செய். அவ்வளவுதான். ஆனால் நான் எழுதியது மிஷினை அடிக்கடி படுக்கவைத்தது. காரணம் தெரியவில்லை. அதற்காக என் திமிர் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

மாப்பிள்ளை வீட்டாரை மாமல்லபுரத்தில் ஒரு வீட்டில் தங்கவைத்திருந்தோம். முகூர்த்தம் திருக்கழுக்குன்றம் கோயிலில். விடிந்ததும் அவர்களை இரண்டு வேன்களில் ஏற்றிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு நான் வரவேண்டும்.

"அண்ணாத்த, உள்ள யார்னா கீறாங்களா, ஒரு தபா பாத்துட்டுப் பூட்டு" என்றார் வேன் டிரைவர்.

"எதுக்கு? வாசல்ல செருப்பு இருந்தா ஆள் உள்ள. செருப்பு இல்லன்னா ஆள் இல்ல. இதான்யா கம்ப்யூட்டர் கணக்கு!"

வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. பூஜ்ஜியம். பூட்டிவிட்டு, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே வேனில் ஏறினேன்.

கோயில் வாசலில் எல்லோரும் இறங்கினார்கள், மாப்பிள்ளை குமரேசனைத் தவிர. முதல் வேன்காரர்கள் அவர் இரண்டாவது வேனில் வருகிறார் என்று நினைத்திருந்தார்கள். இரண்டாவது வேன்காரர்கள் நினைத்தது என்ன என்று சொல்லவேண்டியதில்லை.

"வூட்லயே வுட்டுட்டு வந்துட்டியா?" என்று மாப்பிள்ளையின் அப்பா என் சட்டையைப் பிடித்தார்.

"வாசல்ல அவர் செருப்பு இல்லீங்களே!"

"புதுச் செருப்புப்பா" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "எவனாவது மாட்டிகினு பூடுவான்னு நான்தான் மொதல்லயே பையில போட்டு வண்டில வச்சேன். அவன் கக்கூஸ் போயிருந்தான்."

செருப்பு முதலில் கிளம்பிவிட்டது. ஆள் இன்னும் வேலையை முடிக்கவில்லை.

மணக்கோலத்தில் நின்ற வசந்தா என்னைப் பார்த்தாள். அன்று பயந்ததுபோல் நான் வாழ்க்கையில் பயந்ததில்லை. ஐயர் மந்திரத்தை ரப்பராக இழுக்க, நான் வேனில் திரும்பி ஓடினேன். கதவைத் திறந்தால், குமரேசன் பட்டுவேட்டியில் வெறுங்காலோடு கூடத்தில் உட்கார்ந்து, தாம்பூலத் தட்டிலிருந்த வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மச்சான், கல்யாணம் முட்ஞ்சிச்சா?" என்றார்.

முகூர்த்தம் முடியும் தறுவாயில் தாலி ஏறியது. நான் தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன். (ஆனந்தக் கண்ணீர் என்று சொல்லிவைத்தேன்.)

லீவு முடிந்து வேலைக்குப் போனதும், அட்டைக்கு ஒரு வரியாக ஓட்டை போட்டு வைத்திருந்த என் புரோகிராம் அட்டைகளைப் புரட்டினேன். அதே கோளாறு! வேலை முடியுமுன்பே கணக்கில் ஒன்றைக் கழித்திருந்தேன். மிஷின் பூஜ்ஜியத்தைப் பார்த்து, ஆள் உள்ளே இருக்கும்போதே இடத்தைக் காலி செய்திருக்கிறது. கழிக்கும் அட்டையை உருவி, வேலை முடியும் கடைசி அட்டைக்குப் பின்னால் செருகினேன். அதற்குப் பிறகு மிஷின் படுக்கவில்லை. மேலதிகாரி எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். தங்கை கல்யாணத்துக்குப் போய்வந்தேன் என்றேன்.

இன்றைக்கும் குமரேசன் என் வீட்டுக்கு வந்தால், கக்கூஸுக்குள் போகும்போது தெருவுக்கே கேட்கிறமாதிரி "உள்ள ஒண்ணு கீது மச்சான்!" என்று குரல் கொடுப்பார். சாவகாசமாக வெளியே வந்து, கால் கழுவி, துண்டால் முகத்தைத் துடைத்த பிறகுதான் அனுமதி தருவார்:

"ஆச்சு. இப்ப நீ கழிச்சுக்கோ."