மேற்பார்வையில் ஒரு மூச்சு

மனிதகுலம் எத்தனையோ லட்சம் ஆண்டுகளாக மூச்சுவிட்டு வந்தும், அதற்கு முறையான மேற்பார்வை இல்லாமலேயே காலம் தள்ளியது. அந்தத் தலைகுனிவைத் துடைத்தெறிந்தது நெஞ்சுநோய் மருத்துவமனையின் ‘சுவாசக் கண்காணிப்பு மையம்’. அதன் முதல் பாக்கியசாலி, ஆயுசெல்லாம் வெல்டிங் புகையைத் தின்று நுரையீரலைப் பறிகொடுத்த வெல்டர்.

அவர் நெஞ்சில் ஒரு பட்டையைக் கட்டினார்கள். உள்ளே சென்சார். மூச்சு தடுமாறினால் மையத்துக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு மையம் சும்மா இருக்குமா? உடனே போன் செய்யும்.

“ஐயா, மூச்சு வாங்குதா?”

“வாங்குது… ம்மா.”

“நடந்தா வாங்குதா, பேசினா வாங்குதா?”

“இப்ப… பேசித்தான்…”

“பாத்தீங்களா, இன்னும் ஏறுது! கொஞ்சம் விவரமா சொல்லுங்க.”

விவரம் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் கண் செருகிவிடும். ஆக்ஸிஜன் மிஷினை மாட்டிக்கொண்டு கட்டிலில் சாய்வார். மருத்துவமனை இரவல் கொடுத்த மிஷின். அது இல்லாவிட்டால் அவரால் படுக்கவே முடியாது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனைவி, ஒருநாள் பட்டையை அவிழ்த்துத் தானே கட்டிக்கொண்டாள்.

“என்ன… பண்றே?”

“நான் விடறதும் மூச்சுதானே? எண்ணிட்டுப் போகட்டும். நீங்க வாயை மூடிக்கிட்டுப் படுங்க.”

போன் ஓய்ந்தது. மையத்திலோ ஒரே கொண்டாட்டம். வெல்டரின் நுரையீரலுக்கு இளமை திரும்பிவிட்டதாகத் திரை சொன்னது. கூட்டம் கூடிக் கைதட்டினார்கள். ‘புரட்சிகர முன்னேற்றம்’ என்று மேலிடத்துக்கு அறிக்கை பறந்தது. குணமானவருக்கு மிஷின் எதற்கு? திருப்பி எடுக்க உத்தரவாயிற்று.

இருவரும் டாக்டரிடம் ஓடினார்கள். வெல்டர் ஓடியது சக்கர நாற்காலியில்.

டாக்டர் திரையைப் பார்த்தார். “பிரமாதமா இருக்கீங்க!” எதிரே வெல்டர் கரையில் விழுந்த மீனாக வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

“டாக்டர், அது என் மூச்சு! பட்டையைக் கட்டியிருக்கறது நான்!” என்றாள் மனைவி.

டாக்டர் நெகிழ்ந்துபோனார். “புருஷன் பொண்டாட்டின்னா இப்படித்தாம்மா ஒரே மூச்சா இருக்கணும்.”

“ஐயோ, ஒரு தடவை அவரைப் பாருங்க சார்!”

“ஆளைப் பாக்கறதெல்லாம் பழைய முறைம்மா.”

மறுநாள் இரண்டு ஆட்கள் வந்து மிஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். “நிறுத்துங்கப்பா! அது அவரோட உயிரு!” என்று மனைவி மாடிப்படிகளில் பின்னாலேயே ஓடினாள். பட்டை அவள் நெஞ்சில்தான் இருந்தது. கழற்றினால் போன் வந்துவிடுமே.

கழற்றாமலே வந்தது. வெல்டர் தவழ்ந்துபோய் எடுத்தார்.

“ஐயா, பயங்கரமா மூச்சு வாங்குதே! எங்கயும் ஓடாதீங்க. உடனே ஆக்ஸிஜன் மிஷினைப் போடுங்க. போட்டாச்சா?”

பதில் சொல்ல அவரிடம் மூச்சு இல்லை.

கீழே வண்டி கிளம்பிப் போய்விட்டது. மனைவி தெருவோரத்தில் அப்படியே உட்கார்ந்தாள். மெல்ல மெல்லப் படபடப்பு அடங்கியது. திரையில் கோடு அழகாகச் சீரடைந்தது.

“சபாஷ் ஐயா! இப்பத்தான் நல்லா மூச்சு விடறீங்க!” என்று, மாடியில் வெல்டரின் கை நழுவிக் கிடந்த போனுக்குள்ளிருந்து மையம் அவரை மனமாரப் பாராட்டியது.