சூட்டண்ணையின் லப்டொப்

லப்டொப் கொதிக்கிறதென்று அதைப் பிரிட்ஜுக்குள், தயிர்ச்சட்டிக்கும் கத்தரிக்காய்க்கும் நடுவில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போன மனிதன் இந்தக் குடாநாட்டில் ஒருவன்தான். அவன் எழுதுவதைத்தான் இப்போது வாசிக்கிறீர்கள். திரும்பிவந்து எடுத்தபோது எழுத்துக்கட்டைகளெல்லாம் வியர்த்திருந்தன. துடைத்துவிட்டு அழுத்தினேன். ஒரு 'டிக்'. அதோடு சரி.

லப்டொப் சூட்டுக்குக் கைமருந்து தெரிந்த ஆள் என்று புத்தூரில் சூட்டண்ணையிடம் தூக்கிக்கொண்டு போனேன். நடந்ததைக் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டிலை உன்னையும் பிரிட்ஜுக்கையோ வைக்கிறவை?"

"இடம் காணாது அண்ணை."

எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் பாதியைக் கனடாவும் லண்டனும் பார்த்தது இவரால்தான். மீதிப் பாதியைப் பார்க்காமல் விட்டதும் இவரால்தான். கலியாணங்களை நேரலையில் அனுப்புவது அவர் தொழில்; அனுப்புகிற லப்டொப்போ கிழடு. கமராவை மாட்டித் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் தோசைக்கல். அது இரைகிற இரைச்சலில் நாதஸ்வரக்காரர் ஒருமுறை சுருதி மாறிவிட்டார் என்பார்கள். சூட்டண்ணை என்ற பெயர் இப்படி வந்ததுதான். மற்றப்படி மனுசன் சூடாகி ஒருவரும் கண்டதில்லை.

கலியாண வீட்டுக்குள் நுழைந்தால் மற்றவர்கள் கலியாணப் பொம்பிளையைப் பார்ப்பார்கள். அவர் முகட்டைப் பார்ப்பார். மின்விசிறி எங்கே சுற்றுகிறதோ அங்கேதான் மேசை. ஒருமுறை அந்த இடத்தில் மணவறை இருந்தது. "ஐயா, உந்த மணவறையை ஒரு நாலடி தள்ளுவமோ?" என்று குருக்களிடமே கேட்டவர். மேசைவிரிப்பை உருவி எறிவார். நான்கு மூலைக்கும் சோடா மூடி வைத்து, அதன்மேல் லப்டொப்பை இருத்துவார். எடுத்த படத்தை வெட்டி ஒட்டுகிற பாரமான வேலையென்றால் கிணற்றடி வாழைகளுக்குள் போய்விடுவார். அது முடியும்வரை அந்த வீட்டில் யாருக்கும் குளிப்பு இல்லை.

என் லப்டொப்பைக் காயவைத்துத் தந்து, பிரிட்ஜ் விஷயத்தை ஊருக்கும் சொல்லாமலிருந்த நன்றிக்காக, என் தங்கச்சியின் கலியாணத்துக்கு அவரையே பிடித்தேன். அம்மா இல்லாத வீட்டில் தங்கச்சியை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அக்கா. இப்போது கனடாவில் நிறைமாதம், விமானத்தில் ஏற்றமாட்டார்கள். "மற்றதெல்லாம் பிறகு பாப்பன். தாலி கட்டிறதை மட்டும் அந்த நேரமே நான் பாக்கவேணுமடா" என்று அழுதிருந்தாள்.

கெட்டிமேளம் தொடங்கியது. சனம் முழுவதும் எழும்பி மேசையைச் சுற்றி நெருக்கியதில் காற்று நின்றுவிட்டது. லப்டொப் விமானம்போல இரைந்தது. நான் ஈரத் துவாயோடு ஓடினேன்.

"அதை உன்ரை தலையிலை போடு!" என்றார் சூட்டண்ணை. "படம் வடிவாய் இருக்கத் தேவையில்லை, ஆள் தெரிஞ்சால் காணும்" என்று எதையோ குறைத்தார். அதுவும் போதவில்லை. லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு பிளாஸ்ரிக் கதிரையில் ஏறினார். இரண்டு கைகளாலும் அதைத் தலைக்குமேல் விசிறிக்கு நேரே ஏந்திக்கொண்டு, கமரா வயர் பூணூல்போலத் தொங்க, அசையாமல் நின்றார். கதிரைக்காலைப் பிடிக்கிற பொறுப்பு எனக்கு.

"என்ன தம்பி, இது மாப்பிள்ளை பகுதியின்ரை முறையோ?" என்று மாமி ஒருவர் கேட்டார்.

"தெரியேல்லை மாமி."

அவர் எதற்கும் இருக்கட்டும் என்று வாழ்த்தக் கையில் வைத்திருந்த அறுகரிசி அட்சதையை லப்டொப்பின்மேல் தூவிக் கும்பிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தூவினார்கள். அரிசி மழைக்குள் சூட்டண்ணை மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்: "பொறு ராசாத்தி... ரெண்டு முடிச்சு முடிஞ்சுது... இன்னும் ஒண்டு... ஒண்டே ஒண்டு..."

மூன்றாவது முடிச்சு விழுந்தது. மாப்பிள்ளை கையை எடுத்தார். லப்டொப் அணைந்தது.

உடனே அக்காவின் அழைப்பு. அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தன.

"பாத்தனடா! மூண்டு முடிச்சும் பாத்தன்! ஆரடா அந்த ராசாத்தி?"

அது லப்டொப்தான் என்று விளக்கினேன். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு, "அந்த மனுசனுக்கு நான் புது லப்டொப் ஒண்டு அனுப்பிறன் எண்டு இப்பவே போய்ச் சொல்லு" என்றாள்.

மண்டபத்தின் பின்பக்கம், பந்திக்குக்கூடப் போகாமல், லப்டொப்பை மடியில் கவிழ்த்துப்போட்டு ஒவ்வொரு அரிசியாகத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தார் சூட்டண்ணை. நான் மூச்சு வாங்க அக்கா சொன்னதைச் சொன்னேன்.

அவர் நிமிரவேயில்லை.

"ஏன், இது என்ன பிழை விட்டது?"