கன்னம் குறைந்ததற்கு ஒரு விளக்கம்

அன்பும் அதிகாரமும் ஒருங்கே நிறைந்த அக்காவுக்கு, டயர்க்கடை வைத்திருக்கும் உன் ஒரே தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உன் மகனும் நலம், அவன் கன்னம் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நீ வந்து பார்த்துவிட்டு, பிள்ளையைத் தாய்மாமன் பட்டினி போட்டுவிட்டான் என்று கையோடு அழைத்துப் போய்விடக் கூடாதே என்றுதான் முந்திக்கொள்கிறேன்.

போன மாதம் அனுப்பிய படத்தில் அவன் முகம் முழு நிலவாக இருந்ததல்லவா? எல்லாம் என் கைமணம் என்று எழுதியிருந்தேன். குடல் அழற்சியால் எலும்பும் தோலுமாக வந்த பையன், ஒரே வேளையில் ஆறு முட்டை கேட்டான். தெருவே என்னைப் பாராட்டியது. அப்புறம் அவனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா, குடலுக்குக் கொடுத்துவந்த மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார். கூடவே பசியும் குறைந்தது, கன்னமும் வடிந்தது. நீ வருகிற நேரத்தில் இதென்ன சோதனை என்று நானே நேரில் போய், அக்கா வந்து திரும்பும்வரை பழைய அளவையே கொடுங்கள் என்று சிபாரிசு செய்தேன். பெரிய பெரிய டாக்டர்கள் என்னிடம் யோசனை கேட்பது உனக்குத் தெரியும். இவர் கேட்கவில்லை.

"பசியைக் கிளப்பினது ஸ்டீராய்டு மாத்திரைங்க, உங்க சமையல் இல்ல. கன்னத்துல இருந்தது தெம்பும் இல்ல, வெறும் உப்பல். அந்த மாத்திரையை ரொம்ப நாள் சாப்பிட்டா எலும்புல இருக்கிற கால்சியம் போயிடும். அதுக்குத்தான் கூடவே கால்சியம் மாத்திரையும் தர்றேன். குடல் ஆறிட்டு வருது, அதான் குறைக்கிறேன்" என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. தேய்ந்த டயரில் காற்றை ஏற்றினால் வண்டி நிமிர்ந்து நிற்கும், டயர் புதிதாகிவிடுமா? இதை நான் விரிவாக எடுத்துச் சொன்னதும் டாக்டரம்மா எழுந்து, கதவைத் திறந்துவிட்டு, வாசல்வரை வந்து வழியனுப்பினார். அப்படி ஒரு மரியாதை.

ஆகவே அக்கா, கன்னம் குறைந்தது பட்டினியால் அல்ல. நானும் டாக்டரம்மாவும் கலந்து பேசி எடுத்த முடிவு. பையன் இங்கேயே இருக்கட்டும். ஒற்றை ஆளுக்கு உலை வைக்க எனக்குக் கை வராது. நீ அவசரப்பட்டு அலைய வேண்டாம், மெதுவாக வந்தால் போதும்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் கோபம் நீங்கலாக மற்ற ஆசிகள் அனைத்தையும் வேண்டும்,
தம்பி.

பி.கு.: இதை உன் மகனிடம் படிக்கக் கொடுத்தேன். "நான் எங்கேயும் போகலன்னு அம்மாகிட்ட எழுதுங்க மாமா. ஆனா அந்த மாத்திரை குறைஞ்சதுல இருந்து உங்க சமையல் இறங்க மாட்டேங்குது" என்றான். எனவே உடனே புறப்பட்டு வந்து பத்து நாள் சமைத்துப் போடு. எனக்கும் சேர்த்து.